கோவளத்தில் அலைச்சறுக்குப் படம்: வெளிச்சம், காற்று, அலை மூன்றையும் பார்த்துத் திட்டமிடும் முறை

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கைப் (சர்ஃபிங்) படம்பிடிக்கப் புறப்படுபவருக்கு முதலில் வரும் சிக்கலுக்கும் கேமராவுக்கும் தொடர்பில்லை. காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை வழவழவென்று எழும்புகிறது, ஆனால் சூரியன் நேர் எதிரே நிற்கிறது. மாலையில் சூரியன் நம் முதுகுப்புறம் வந்து அலையின் முகம் முழுவதும் வெளிச்சமாகிறது, ஆனால் அதற்குள் கடற்காற்று ஏறி அலையைக் கலைத்துவிடுகிறது. இந்தக் கரையில் திட்டமிடுதல் என்பது பெரும்பாலும், இப்படி ஒன்றுக்கொன்று பிணங்கும் காற்றும் வெளிச்சமும் எந்த நாளில், எந்த நேரத்தில் ஒத்துப்போகும் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

மேற்குக் கரையில் இந்தத் தொல்லை குறைவு. வர்க்கலையிலோ கர்நாடகத்தின் முல்கியிலோ பருவமழை ஓய்ந்த மாதங்களில் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், நிலக்காற்றும் அதே நேரத்தில் வீசும். அங்கே எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்து அதே நேரத்தில் கோவளத்தில் நின்றால் கைக்குக் கிடைப்பது கறுப்பு நிழலுருவங்களே.

கரை எந்தத் திசையைப் பார்க்கிறது

வேறு எதையும் செய்வதற்கு முன் ஒரு காகிதத்தில் கரைக்கோட்டை வரைந்து, அதில் மூன்று அம்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அலை வரும் திசை, அலை உடைந்துகொண்டே நகரும் திசை, சூரியன் நிற்கும் திசை. கோவளத்தின் பெயர்பெற்ற அலை வலப்பக்க அலை. அதாவது, கரையைப் பார்த்தபடி அலையில் எழுந்து நிற்பவருக்கு அது வலப்பக்கமாக உடைந்துகொண்டு போகும். கடலைப் பார்த்து மணலில் நிற்கும் நமக்கு அதே அலை இடப்பக்கம், அதாவது வடக்கு நோக்கி நகரும். ஆகவே அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு நேராக நிற்காமல் அதற்கு வடக்கே தள்ளி நின்று தென்கிழக்காகப் பார்த்தால், வீரர் நம்மை நோக்கி வருவார், அவர் முகம் தெரியும், அலையின் உட்புறமும் தெரியும். நேர் எதிரே நிற்பவருக்குக் கிடைப்பது அவருடைய பக்கவாட்டுத் தோற்றம். தெற்கே நிற்பவருக்கு முதுகு மட்டுமே.

இனிச் சூரியனைக் கவனிப்போம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்லிப் பழகியிருந்தாலும், அது நேர்கிழக்கில் உதிப்பது மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமபகல் நாள்களில்தான். சென்னையின் அட்சரேகையில் ஜூன் மாதக் கடைசியில் அது நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை (டிகிரி) வடக்கே தள்ளி, வடக்கை 0, கிழக்கை 90 என்று எண்ணும் திசைகாட்டியில் 66 பாகையில் உதிக்கிறது. டிசம்பர் மாதக் கடைசியில் 114 பாகையில் உதிக்கிறது. வடக்கே நின்று 150 பாகைத் திசையில் லென்ஸை வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. டிசம்பரில் சூரியன் சட்டகத்துக்கு 36 பாகை பக்கத்தில், கிட்டத்தட்ட லென்ஸுக்குள்ளேயே நிற்கும். ஜூனில் அது 84 பாகை தள்ளி இடத்தோள் பக்கம் போய்விடுவதால், எதிர்வெளிச்சமாக இருந்தது பக்கவெளிச்சமாகிவிடுகிறது. ஒரே இடம், ஒரே நேரம், ஆனால் வேறு படம்.

இன்னொன்றும் உண்டு. ஜூன் மாதக் காலையில் சூரியன் இங்கே நேராக மேலே ஏறுகிறதே தவிரப் பக்கவாட்டில் அதிகம் நகர்வதில்லை. காலை 6.30 மணிக்கு ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் இருப்பது, 7.30-க்கு 23 பாகையையும் 8.30-க்கு 37 பாகையையும் எட்டிவிடும். திசையோ 66-இலிருந்து 70 பாகைக்குள்ளேயே இருக்கும். எனவே காலை முழுவதும் பக்கவெளிச்சம் கைவிடாது, ஆனால் அதன் மென்மை ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பொன்னிற வெளிச்சம் நெடுநேரம் நீடிப்பது வடநாடுகளின் சொத்து. நமக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம்.

ஒரு வாரத்துக்கு முன்: அலை எங்கிருந்து புறப்படுகிறது

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரைக்கு வரும் நல்ல அலைகளில் பல, தென் இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்தவை. அலைச்சறுக்கு வீரர்கள் இவற்றை ஸ்வெல் என்கிறார்கள். ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகத்தை ஒரு கணக்கில் அறியலாம்: அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட வினாடிகளை 0.78-ஆல் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது வந்துவிடும். 15 வினாடி இடைவெளி கொண்ட ஸ்வெல் மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 1,000 கிலோமீட்டர் பயணம் செய்யும். தென் அட்சரேகை 50 பாகையை ஒட்டிய புயலிலிருந்து சென்னைக்கு 7,000 கிலோமீட்டர் என்றால், புயல் எழுந்த செய்திக்கும் அலை கரை சேர்வதற்கும் இடையில் ஒரு வாரம் கிடைக்கிறது. விடுப்பு எழுதிக் கொடுக்கப் போதுமான அவகாசம்.

முன்னறிவிப்பில் எல்லாரும் முதலில் பார்ப்பது அலையின் உயரத்தை. நான் முதலில் பார்ப்பது வினாடிகளை. 1.2 மீட்டர் உயரமும் 7 வினாடி இடைவெளியும் கொண்ட கடல், அருகிலுள்ள காற்று கிளப்பிவிட்ட கலங்கல். அதில் ஒழுங்கான கோடு எதுவும் இருக்காது. அதே 1.2 மீட்டர் 13 வினாடி இடைவெளியோடு வந்தால் அலைகள் வரிசை வரிசையாக வரும், இடையில் கடல் அமைதியாகும், கரை நெருங்கும்போது ஒவ்வொன்றும் உயர்ந்தெழும். நெடிய இடைவெளி கொண்ட அலை கடற்படுகையை ஆழத்திலேயே உணர்ந்து கரையை நோக்கித் திரும்பிவிடுவதால், கிழக்கு பார்த்த நம் கரைக்கு அதுவே கூடுதலாகப் பொருந்துகிறது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது திசை. படத்தில் இலங்கையை எடுத்துப் பாருங்கள். நமக்கு நேர் தெற்கே வழியை மறித்துக்கொண்டு அது படுத்திருக்கிறது. கோவளத்திலிருந்து இலங்கையின் கிழக்கு விளிம்புக்குக் கோடு போட்டால் அது ஏறத்தாழ 163 பாகையில் விழும். ஆகவே 150 பாகையிலிருந்து வரும் ஸ்வெல் தடையின்றி வந்து சேரும். 180 பாகையிலிருந்து வருவது இலங்கையின் மறைவில் சிக்கி, ஓரமாக வளைந்து வரும் மிச்சம் மட்டுமே நமக்குக் கிடைக்கும். நடுக்கடலில் 2 மீட்டர் என்று காட்டும் வரைபடத்தை நம்பி விடியற்காலையில் கிளம்பி, முழங்கால் அலையைப் பார்த்துத் திரும்பியவர்கள் இந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மறைவில் இல்லாத, இலங்கைக் கிழக்குக் கரையின் அறுகம்பேயில், அதே நாளில் அதே தெற்கு ஸ்வெல் அலைச்சறுக்கு வீரர்களைத் தூங்கவிடாது.

ஹைதராபாத்திலுள்ள இன்கோயிஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பில் அலை உயரம், ஸ்வெல், அதன் திசை, காற்று ஆகியவை இந்தியக் கரையோரத்துக்கென்றே கிடைக்கின்றன. அதை ஒரு பக்கமும், விண்டி அல்லது விண்ட்குரு செயலியை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் மட்டும் அந்த நாளைக் குறித்துக்கொள்ளலாம். இன்கோயிஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தால் படம்பிடிக்கும் எண்ணத்தை மூட்டை கட்டிவிட வேண்டும். உள்ளூரில் காற்றோ மழையோ எதுவும் இல்லாமல், தொலைவிலிருந்து வரும் நெடிய ஸ்வெல் திடீரென்று கரையேறுவதைக் கேரள மீனவர்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. மணலில் வைத்த பையும் ட்ரைபாடும் ஒரே அலையில் போய்விடும்.

மூன்று நாளுக்கு முன்: கச்சானா, கொண்டலா

அலையை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடலாம். காற்றை மூன்று நாளுக்கு மேல் நம்புவதற்கில்லை. இந்தப் பகுதி மீனவர்களிடம் காற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன, படக்காரருக்கு அவை பயன்படும். தென்மேற்குப் பருவத்தில் நிலத்திலிருந்து வருவது கச்சான், கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. கச்சான் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்துகிறது, முறிந்து விழுவதைத் தாமதப்படுத்துகிறது, உச்சியிலிருந்து நீர்த்துளிகளைப் பின்னால் வாரியடிக்கிறது. கொண்டல் அதே அலையைப் பின்னாலிருந்து தள்ளி அவசரமாகக் கவிழ்த்துவிடுகிறது.

வழக்கமான கோடைநாளில் நிலம் சூடேறியதும் நண்பகலையொட்டிக் கொண்டல் தொடங்கிவிடும். அதற்கு முன் முடிப்பதென்றால் காலை 5.45 முதல் 8.30 வரைதான் நமக்கான நேரம். ஆனால் மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாள்களில் கடற்காற்றால் கரையேற முடிவதில்லை. மாலை வரை தாமதமாகிறது, சில நாள் வருவதே இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று இதுதான். அம்மியைப் பற்றித் தெரியாது, கொண்டலை அது நிறுத்திவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் மாலை 4.30 முதல் 6 மணி வரை காற்றும் வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வரும். சூரியன் மேற்கு வடமேற்கில் 28 பாகை உயரத்திலிருந்து 7 பாகைக்கு இறங்கிக்கொண்டிருக்கும், அலையின் முகம் பச்சையும் பழுப்புமாக ஒளிரும், உச்சியில் பறக்கும் துளிகள் கூட எண்ணிவிடலாம்போல் தெளிவாக விழும். சோழமண்டலக் கரையில் எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த நேரம் கிடையாது.

இதை நான் முதலில் தெரிந்துகொண்டது செயலியிலிருந்து அன்று. ஒரு ஜூலை மாதப் பிற்பகலில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, படகோரமாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே, "கச்சான் பலமா இருக்கு சார், இன்னிக்குக் கொண்டல் வராது. இருந்து பாருங்க" என்றார். இருந்தேன். அன்றைக்கு ஐந்தே கால் மணிக்கு எடுத்த படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

முன்னறிவிப்பில் தேட வேண்டியது இதுதான்: பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் காற்றின் திசை 240 முதல் 290 பாகைக்குள், வேகம் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் வீரர்களால் பலகையை அலைக்குள் இறக்க முடிவதில்லை, மணலும் பறக்கத் தொடங்கும். பிற்பகல் இடிமழை அறிவிப்பு இருந்தால் திட்டத்தைக் கைவிடுங்கள், மின்னலின்போது திறந்த கடற்கரையில் உலோக ட்ரைபாடோடு நிற்பதற்கு எந்தப் படமும் ஈடாகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் கொண்டலும் கடலைக் கலக்கிவிடும். உயரம் இருக்கும், ஒழுங்கு இருக்காது. நாடகத்தனமான மேகங்களுக்காகச் செல்லலாம், அலைச்சறுக்குக்காக நான் செல்வதில்லை.

முந்தைய நாள்: ஓதமும் நேரமும்

நம் கரையில் ஓத வேறுபாடு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் மட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு, பெரிதன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆயினும் அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தில் உடையும் என்பதால், 1 மீட்டர் அலைக்கு அந்த 1 மீட்டர் ஓதம் பெரிய விஷயம். நீர் ஏறியிருக்கும்போது அலை தடித்து, சோம்பலாக, கரைக்கு அருகில் உடையும். நீர் வற்றியிருக்கும்போது செங்குத்தாக எழுந்து ஒரேயடியாகச் சாத்திவிடும். இரண்டுக்கும் நடுப்பட்ட நேரத்தையே முதலில் முயன்று பாருங்கள். பிறகு உங்கள் இடத்துக்கு எது ஏற்றது என்பதை அந்த இடமே சொல்லும்.

உயர் ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆனால் ஒரே இடத்தில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒவ்வொரு அமாவாசைக்கும் அது ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்துக்குத் திரும்பிவந்துவிடும். எனவே ஒரு பௌர்ணமியன்று உயர் ஓதம் எத்தனை மணிக்கு என்று குறித்துவைத்துக்கொண்டால், சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியே பாதி ஓத அட்டவணையாகிவிடுகிறது.

அட்டவணையைத் தேடும்போது ஊர்ப்பெயரில் கவனம் தேவை. கோவளம் என்று தட்டினால் செயலி பெரும்பாலும் திருவனந்தபுரத்துக் கோவளத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. நான் இரண்டு வாரம் கேரளத்து ஓதத்தை வைத்துக்கொண்டு, கடல் ஏன் அட்டவணைப்படி நடக்கவில்லை என்று கடலைக் குறைகூறிக்கொண்டிருந்தேன்.

உதய நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் மாதக் கடைசியில் ஏறத்தாழ 5.45, ஆகஸ்ட் நடுவில் 5.56. அடிவானத்தில் மேகத்திட்டு இருந்தால் வெளிச்சம் கடலைத் தொடுவதற்கு மேலும் 10 அல்லது 15 நிமிடமாகும். வெளிச்சம் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் மணலில் இருக்க வேண்டும், காரணம் அழகுணர்ச்சியன்று, ஈரப்பதம். குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் கிடந்த லென்ஸ், சென்னைக் கடற்கரையின் காற்றுப் பட்டவுடன் பால்போல் மூடிக்கொள்ளும். துணியால் துடைத்தால் மறுபடியும் மூடும். உள்ளே போன பனி அரை மணி நேரத்துக்கு விலகாது. அதற்குள் சூரியன் ஏறிவிடும். முந்தைய இரவே கேமராவை மூடிய பையோடு ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை.

மணலில் நின்றதும்

பையைத் திறக்காமல் கால் மணி நேரம் கடலை மட்டும் பாருங்கள். அலைக்கூட்டம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, ஒரு கூட்டத்தில் எத்தனை அலை, அவற்றில் பெரியது எத்தனையாவது, அது எந்தப் பாறைக்கு நேராக உடைகிறது என்பவை தெரிந்தபிறகு எடுக்கும் 50 படங்கள், தெரியாமல் எடுக்கும் 500 படங்களைவிட மேல்.

லென்ஸின் தேர்வைக் கணக்கால் முடிக்கலாம். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ், 100 மீட்டர் தொலைவில் 9 மீட்டர் அகலத்தைக் காட்டும்; 600 மில்லிமீட்டர் 6 மீட்டரைக் காட்டும். வீரரும் அவரைச் சுற்றிய அலையும் தெரிய 9 மீட்டர் பொருத்தம், முகபாவத்துக்கு 6 மீட்டர். காலை ஒன்பது மணிக்குப் பிறகு சூடான மணலின் மேலாக நீண்ட லென்ஸில் பார்த்தால் கானல் அலையும், எதுவும் கூர்மையாக வராது. மணலின் பின்பகுதியிலிருந்து இறங்கி நீர் விளிம்புக்குப் போய்விட்டால் இது குறையும்.

ஷட்டர் வேகம் 1/1000-க்குக் கீழே போக வேண்டாம், துளிகளை உறையவைக்க 1/2000. உதயத்துக்கு முன் அது முடியாது; அப்போது 1/30-இல் வீரரோடு சேர்ந்து கேமராவை நகர்த்தி, அலையைக் கோடுகளாக ஓடவிட்டுப் படம்பிடிப்பது நல்லது. பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள்.

வெளிச்ச அளவைக் கேமராவிடம் விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வெண்ணுரை சட்டகத்தில் நிறைந்ததும் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்குகிறது. வெயிலில் கறுத்த நம் ஊர்ப் பிள்ளைகளின் முகம் அந்த இருட்டில் அடையாளமற்றுப் போய்விடுகிறது. மேனுவல் நிலையில் வைத்து, வெயில் படும் நுரை வெளுத்துப்போவதற்குச் சற்றே முன்பாக அளவை நிறுத்தி, கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்துக்கொண்டால், முகத்தைப் பிறகு மீட்டெடுக்கலாம். மேகம் மறைக்கும்போதெல்லாம் மறுபடி அளக்க வேண்டும் என்பது இதற்கான விலை. ஒளித்தெறிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி, வானத்தின் நீலத்தைப் பொறுத்தவரை, சூரியனுக்குச் செங்கோணத்தில் பார்க்கும்போதுதான் முழுமையாக வேலை செய்யும். ஜூன் மாதக் காலையில் வடக்கே நிற்பவருக்கு அந்தக் கோணம் தானாகவே அமைகிறது. ஆனால் அது ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் 7 மணிக்கு முன் மாட்டாதீர்கள்.

முழு எதிர்வெளிச்சம் வரும் மாதங்களில் அதோடு சண்டையிடாமல் இருப்பதே நலம். அலை கவிழும் அந்த நொடியில் அதன் உச்சி மெல்லிய தகடாகிறது, பின்னாலுள்ள சூரியன் அதனூடே வந்து பாட்டில் பச்சையாக ஒளிர்கிறது. அளவை அந்தப் பச்சைக்கு வைத்து, வீரரை நிழலுருவாக விட்டுவிடலாம்.

தண்ணீருக்குள் இறங்குவது பற்றி

காலையில் காற்றும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைக்கும் ஓர் இடம் உண்டு, அது கடலுக்குள் இருக்கிறது. அலை உடைந்து முடியும் வடக்கு ஓரத்தில் மிதந்தபடி தெற்கும் மேற்குமாகப் பார்த்தால் சூரியன் உங்களுக்குப் பின்னால். மாமல்லபுரத்தில் வீரருக்குப் பின்னணியாகக் கடற்கரைக் கோயிலைக் காட்ட விரும்புபவர்களுக்கும் இதுவே வழி. நீர்புகா உறை, துடுப்புக் காலணி, தலைக்கவசம் மூன்றும் வேண்டும். உறையின் கண்ணாடியில் எச்சில் தடவி நீரில் முக்கி எடுத்தால் துளிகள் நிற்காமல் வழிந்துவிடும். ஆனால் இந்தக் கரையின் இழுப்பு ஆண்டுதோறும் உயிர்களைக் கொள்கிறது. கேமரா இல்லாமல் அதே இடத்தில் பலமுறை நீந்திப் பழகாதவர், உள்ளூர் வீரர் ஒருவர் அருகில் இல்லாதவர் இறங்கவே கூடாது. ட்ரோனைப் பொறுத்தவரை, தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது, கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ட்ரோனுக்குத் தடையுள்ள இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம்.

படகுகள் கரையேறும் பாதையில் ட்ரைபாடை ஊன்றாதீர்கள். பலகையோடு வரும் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை அனுப்பியும் வையுங்கள். அடுத்த வாரம் எந்தப் பக்கம் அலை நன்றாக உடைகிறது என்று அவர்களே அழைத்துச் சொல்வார்கள்.

திரும்பியதும்

உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவைத் துடைத்துவிட்டு, குறிப்பேட்டில் நான்கு வரி எழுதிவிட வேண்டும். முன்னறிவிப்பு என்ன சொன்னது, கடல் என்ன செய்தது என்ற இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒரு பருவம் முடிவதற்குள் உங்கள் கரைக்கென்று ஓர் அட்டவணை உருவாகிவிடும். என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "ஆடி இரண்டாம் வாரம். ஸ்வெல் 1.1 மீட்டர், 13 வினாடி, 155 பாகை. கச்சான் 20, மாலை வரை மாறவில்லை. ஓதம் பாதி இறங்கியபோது 4.50 முதல் 5.40 வரை நல்ல அலை, கூட்டத்துக்கு நான்கு, மூன்றாவது பெரிது. நின்ற இடம்: பாறைக்கு வடக்கே எழுபது அடி, இன்னும் முப்பது அடி தள்ளியிருக்கலாம்."